முட்டுக்கட்டைச் சம்பந்தி

பையை மேல வைக்க வேணாம் சார், மடியிலயே இருக்கட்டும். கனம்தான். ஆனா மேல வச்சு, பஸ் ஏதாவது பள்ளத்துல குதிச்சு, உங்க தலையில விழுந்துச்சுன்னா நீங்க திருப்பத்தூர் போறதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போகணும். உள்ள மரக்கட்டை. ரெண்டு. அட, சிரிக்காதீங்க. அரூர்ல இருந்து டிக்கெட் எடுத்துக் கட்டை சுமந்துட்டுப் போறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இந்த வண்டி ஒன்பது இருபதுக்குக் கிளம்பணும். ஒன்பது இருபத்தேழுக்கு எடுத்தான். எனக்கு வாட்ச் பார்க்க வேணாம் சார், உடம்பே சொல்லும். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில டைம் கீப்பர். பேரு தணிகாசலம். நான் விசில் ஊதி, 'ரைட், எடு'ன்னு கையைக் காட்டினாத்தான் வண்டி நகரும். ஓட்டுறவன் யாரா வேணா இருக்கட்டும், அனுப்புறவன் நான்தான்.

எங்க போறேன்னு கேட்டீங்க இல்ல? ஜோலார்பேட்டைக்கு, சம்பந்தி வீட்டுக்கு. நாளைக்கு என் பேத்திக்குத் தொட்டில் போடுறாங்க. பொறந்து இன்னையோட இருபத்தொன்பது நாள். நான் இன்னும் முகத்தைப் பார்க்கல. போன்ல போட்டோ அனுப்பினாங்க, போட்டோவுல எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஏன் போகலைன்னா, ரோஷம். பின்ன? பையனைப் பெத்தவன் நான். என்னைப் பார்த்து அந்த ஆளு 'டா' போட்டுட்டார் சார். தனியா இருக்கும்போது சொல்லியிருந்தாக்கூடப் போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். நாப்பது பேர் முன்னாடி. நடந்ததைச் சொல்றேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

சம்பந்தி பேரு ஏகாம்பரம். ரயில்வே யார்டுல பாயின்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்திநாலு வருஷம். என்ன வேலைன்னு கேட்டா, நிறுத்தி வச்சிருக்கிற ரயில் பெட்டி தானா உருண்டு போகாம சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கிற வேலை. வேற வேலையும் இருந்திருக்கும், எனக்கு மனசுல நின்னது அதுதான். யோசிச்சுப் பாருங்க. நான் வண்டியை அனுப்புறவன், அவர் வண்டியை நிறுத்துறவன். ஜோசியன் பத்துப் பொருத்தம் பார்த்தான், இந்தப் பொருத்தத்தைப் பார்க்காம விட்டுட்டான்.

அவர் வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு கட்டை உண்டு. கேட்டுக்கு ஒண்ணு, கேஸ் சிலிண்டருக்கு ஒண்ணு, தையல் மெஷினுக்கு ஒண்ணு. பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு நான் உட்கார்ந்த நாற்காலி லேசா ஆடுச்சு. பேசிட்டிருக்கும்போதே மனுஷன் குனிஞ்சு அதோட காலுக்கு அடியில ஒரு மரச் சில்லைச் சொருகிட்டுப் போறார். தை மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாம்னேன். 'எதுக்குங்க அவசரம், பொண்ணு பரீட்சை முடிஞ்சிடட்டுமே'ன்னார். வெளிய வந்ததும் என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், 'குணவதி, இந்த ஆளு சரியான முட்டுக்கட்டை'ன்னு. அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. எங்க வீட்டுல அவர் முட்டுக்கட்டைச் சம்பந்திதான். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் கோவப்பட மாட்டார். எப்பப் பார்த்தாலும் 'வாங்க, உட்காருங்க, சொல்லுங்க சம்பந்தி.' பொண்ணைக் கொடுத்தவர் இல்லையா, நான் சாயங்காலத்தை விடியகாலைன்னு சொன்னாலும் 'ஆமாங்க'ன்னுதான் சொல்லுவார். டயர் விஷயம் தவிர.

கேரவன் தெரியுமில்ல? சினிமா ஷூட்டிங்ல ஹீரோயின் உள்ள உட்கார்ந்து மேக்கப் போட்டுக்குமே, அந்த வண்டி. ரிட்டயர் ஆனா எல்லாரும் மாடி கட்டுவாங்க. நான் கேரவன் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான். உள்ள கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, ஏசி, பாத்ரூம், சுத்தி பல்பு எரியுற ஆளுயரக் கண்ணாடி. முப்பத்தோரு வருஷம் ஊரையெல்லாம் டூர் அனுப்பினவன், நான் ஒரு டூர் போனதில்ல சார். ஒரே ஷெட்டு, ஒரே ஸ்டூல், ஒரே விசில். அதனால வாங்கினேன். குணவதி முதல் நாள் அந்தக் கண்ணாடி முன்னாடி தலை சீவ உட்கார்ந்தவ அரை மணி நேரம் எழுந்திரிக்கல. நான் வாங்கிக் கொடுத்த எதையும் அவ அப்படிப் பார்த்ததில்ல. ஓட்டுறதுக்கு லைசென்ஸ் எடுத்தேன், ரெண்டு மாசம் பழகினேன். முதல் டூர் ஏலகிரி மலை, சம்பந்தி வீட்டையும் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணேன். அவங்க வாசல்ல வண்டி நின்னா அவங்களுக்கும் ஒரு பெருமைதானே.

மூணு மாசத்துக்கு முந்தி, ஒரு ஞாயித்துக்கிழமை, வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். தெருவே கூடிருச்சு. எந்த நடிகர் வந்திருக்கார்னு கேக்குறான். சம்பந்தி உள்ள வந்து கட்டிலைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார்னு நான் கதவைத் திறந்து வச்சுட்டு நிக்கிறேன். அவர் ஒரு தடிக்குச்சியை எடுத்துட்டு ஒவ்வொரு டயராத் தட்டிட்டு வர்றார். சந்தையில தேங்காயைத் தட்டிப் பார்ப்பாங்களே, அப்படி.

'சம்பந்தி, பின்னாடி இடது பக்கம் உள்டயர் சத்தம் மந்தமா இருக்குங்க. காத்து இறங்கியிருக்கும் போல.'

'அது ஜோடி டயருங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்.'

'தாங்குங்க. ஆனா அந்த இன்னொண்ணு ரெண்டு பேர் பாரத்தையும் சுமக்கணுமே.'

அதோட விட்டாரா? தரையில உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, டயர் பக்கவாட்டுல இருக்கிற நம்பரைப் படிக்கிறார். 'இருபத்திமூணு, பதினாலு. பதினாலாம் வருஷம் இருபத்திமூணாவது வாரம் செஞ்ச டயருங்க இது.' டயருக்கு ஜாதகமா சார் பார்ப்பாங்க? 'தரையில படுற பட்டனைப் பாருங்க, தேயவே இல்ல, புதுசு மாதிரி'ன்னேன். 'பட்டன் தேயாதுங்க, ஓடாம நின்ன வண்டி. ஆனா ரப்பருக்கு வயசாயிடுச்சு. பக்கத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடுது பாருங்க. மலை ஏறுறதுக்கு முந்தி கீழ ஒரு டயர் கடையில காட்டிடலாங்க'ன்னார். நான் வாட்ச்சைப் பார்த்தேன். எட்டு மணிக்கு எடுக்கணும்னு எழுதி வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை எந்தக் கடைக்காரன் எட்டு மணிக்குத் திறக்குறான்?

மருமக யமுனாவுக்கு அப்ப ஏழு மாசம். வளைகாப்பு முடிஞ்சு அங்கதான் இருந்தா. 'மாமா, நானும் வர்றேன். அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே மலையைப் பார்த்துட்டு வர்றேன்'னா. ஆசையாக் கேக்குது பிள்ளை, நான் ஏறும்மான்னேன். அவர் மெதுவா, 'வேணாம்மா. இந்த டயர்ல நீ வேணாம்'னார். பிள்ளை முகம் வாடிப் போச்சு. அவளுக்குத் துணையா சம்பந்தியம்மாவும் வீட்டுலயே நின்னுட்டாங்க. அஞ்சு பேராப் போகலாம்னு வந்தேன், கடைசியில நான், குணவதி, அவர், மூணு பேர். இதான் முதல் முட்டுக்கட்டை.

ரெண்டாவது அடுத்த நிமிஷமே. டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, பூசணிக்காய் சுத்தி உடைச்சாச்சு. தெரு முழுக்கப் பார்த்துட்டு நிக்குது. சரியா எட்டு. நானே 'ரைட்'னு சொல்லிக்கிட்டு கிளட்சை விட்டேன். வண்டி உறுமுது, நகரல. மறுபடி விட்டேன். நகரல. பின்னாடி ஒருத்தன் 'ஹீரோவுக்கு மூட் சரியில்ல போல'ங்கிறான், எல்லாரும் சிரிக்கிறாங்க. பார்த்தா ஒரு முன் சக்கரத்துக்கு முன்னாடி ஒண்ணும் பின்னாடி ஒண்ணும் இவர் கட்டை வச்சிருக்கார். வேங்கை மரம், தச்சன்கிட்டச் சொல்லி அவரே செஞ்சு வச்சுக்கிட்டது. 'அய்யோ, மன்னிச்சுக்கங்க சம்பந்தி, எடுக்கத்தான் குனிஞ்சேன், நீங்க அதுக்குள்ள எடுத்துட்டீங்க'ன்னு ஓடி வர்றார். கட்டையை எடுத்து, பழம் நசுங்கி, வண்டி நகரும்போது எட்டு ஒன்பது. நல்ல காரியத்துக்குக் கிளம்புறோம், நேரம் போச்சு, சகுனம் போச்சு, மானமும் போச்சு. அந்த ரெண்டு கட்டையையும் அவர் பத்திரமா வண்டியில ஏத்தினார் பாருங்க, அப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே.

மலையில பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதைத் தாண்டினதும் 'டமார்'னு ஒரு சத்தம். வெடி வச்ச மாதிரி. வண்டியோட பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டிச்சு. என் கால் தானா பிரேக்குக்குப் போச்சு. பக்கத்து சீட்டுல இருந்து அவர், 'பிரேக் வேணாங்க சம்பந்தி, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிங்க, நேரா விடுங்க. மெதுவா அந்த அகலமான இடத்துல ஓரம் கட்டுங்க, ரிம் போனாப் போகுது'ன்னார். கவனிச்சீங்களா? அந்த நேரத்துலயும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். வண்டி போய் ஓரமா நின்னுச்சு. என் சாமர்த்தியம்னுதான் குணவதிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.

இறங்கிப் பார்த்தா ஜோடியில வெளி டயர் கிழிஞ்சு தொங்குது. அந்த ஜாதகக்காரன்தான். உள்டயர் ஏற்கெனவே சப்பையாக் கிடக்கு. 'இது மேடுங்க. வண்டி ஏழு டன் இருக்கும். இந்த சின்ன ஜாக்கி தாங்காது. கீழ ஒரு மெக்கானிக் தெரிஞ்சவன், போன் பண்ணா முக்கால் மணியில பெரிய ஜாக்கியோட வந்துடுவான்'னார். 'சம்பந்தி, எங்க டிப்போவில பதினெட்டு நிமிஷத்துல டயர் மாத்தி வண்டியை அனுப்பியிருக்கேன்'னேன். பொய் இல்ல சார். மாத்தினது மெக்கானிக். பதினெட்டு நிமிஷம்னு நோட்டுல எழுதினது யாரு?

அவர் ஜாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், 'உங்க இஷ்டங்க. ஆனா சம்பந்தியம்மா உள்ள இருக்க வேணாம், இறங்கிடட்டும். நட்டை எல்லாம் சக்கரம் தரையில இருக்கும்போதே லேசாத் தளர்த்திக்கங்க, தூக்கினதுக்கு அப்புறம் மல்லுக்கட்டினா வண்டி ஆடும். என்ன ஆனாலும் அடியில மட்டும் படுக்காதீங்க'ன்னார். டைம் கீப்பருக்குப் பாடம். குணவதி உள்ள ஏசியில நிம்மதியாப் படுத்திருந்தா, 'நீ இறங்காத'ன்னு நான் சொல்லியிருந்தேன். இவர் கதவு கிட்டப் போய் என்ன சொன்னாரோ தெரியல, அவ செருப்பை மாட்டிட்டு இறங்கி வந்து எதிர்ப்பக்கம் மரத்தடியில துண்டை விரிச்சு உட்கார்ந்துட்டா. என் பொண்டாட்டி, என் கேரவன், ரோட்டோரத்துல உட்காரணுமாம். அப்புறம் முன் சக்கரம் ரெண்டுக்கும் பின்னாடி ஆளுக்கொரு கட்டையை வச்சு, காலால உதைச்சு இறுக்கினார். போன் பண்ணி மெக்கானிக்கையும் வரச் சொல்லிட்டார், எனக்குத் தெரியாம. அதுக்கப்புறம் வர்ற வண்டிக்குத் தெரியணும்னு தழை ஒடிச்சு, மேல கல்லை வச்சு, ரோட்டுல போட வளைவுப் பக்கம் போனார்.

அதுக்குள்ள கூட்டம் சேர்ந்துடுச்சு. கேரவன் நின்னா சும்மா விடுவாங்களா? மேல ஏறுற வேன் நிக்குது, கீழ இறங்குற கார் நிக்குது. 'சார், யாரு உள்ள?' 'ஒரே ஒரு செல்ஃபி சார்.' யாரும் இல்லப்பான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறான். எனக்கும் ஒரு மாதிரி தெம்பு வந்துடுச்சு, இல்லன்னு சொல்லல. நாப்பது பேர் பார்க்க ஸ்பேனரைப் பிடிச்சு நிக்கிறது சும்மாவா?

இப்ப ஒரு சின்ன விஷயம் சார். யார்கிட்டயும் சொல்லல இதை. பெருசா ஒண்ணுமில்ல. கூட்டத்துல ஒருத்தன் சக்கரத்தைப் பார்த்துட்டு, 'என்னண்ணே, ஹீரோ வண்டிக்கே முட்டுக்கட்டையா?'ன்னு சிரிச்சான். காலையில தெரு சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. வேலையைத் தொடங்குற இடத்துல முட்டுக்கட்டையை வச்சுட்டு உட்கார்ந்தா அது விளங்குமா? ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன், பின்ன எதுக்குக் கட்டை? இடது பக்கக் கட்டையை லேசா உருவினேன். லேசாத்தான். உருவி, பக்கத்துல இருந்த புதர் வரைக்கும் லேசாத் தள்ளி வச்சேன். காலையில வச்சதுல ஒரு எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்துச்சு. அதை அந்த இடத்துல வச்சேன்.

ஜாக்கியைப் போட்டுத் தூக்கினேன். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிச்சு. கூட்டம் கை தட்டுச்சு சார். ஒன்பது நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. ஜாக்கி கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு, சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்க்கலாம்னு மல்லாக்கப் படுத்துத் தலையை அடியில விட்டேன்.

எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. அவருக்குக் கேட்டிருக்கு. முப்பது தப்படி தள்ளி, கையில தழையோட நின்ன மனுஷனுக்கு. இரும்பு நகர ஆரம்பிக்கிற சத்தம் அவருக்குத் தெரியுமாம், பெட்டி உருள்றதுக்கு முந்தி ஒரு முனகல் முனகுமாம்.

'டேய்! வெளிய வாடா! தணிகாசலம், வெளிய வாடா டேய்!'

அந்தக் குரலை அதுவரைக்கும் நான் கேட்டதில்ல. யாரு யாரைக் கூப்பிடுறாங்கன்னு யோசிச்சுட்டுப் படுத்திருக்கேன். அதுக்குள்ள ரெண்டு காலையும் பிடிச்சு ஒரே இழு. நான் வெளிய வந்துட்டேன். வேட்டி வரல. ஜாக்கி சாஞ்சு, வண்டி 'தொம்'னு இறங்குச்சு. என் தலை இருந்த இடத்துல சேஸிஸ் ஒரு சாண் உயரத்துல நின்னுச்சு. அப்புறம் பின்னாடி உருண்டுச்சு. ஒரு முழம். பின்னாடி பள்ளத்தாக்கு சார். எலுமிச்சம்பழம் நசுங்குச்சு, வலது பக்கத்துல இருந்த கட்டை மேல சக்கரம் பாதி ஏறி, அப்படியே நின்னுச்சு. உள்ள கண்ணாடி உடையுற சத்தம்.

நான் நாப்பது பேர் முன்னாடி பட்டாபட்டி டிராயரோட நிக்கிறேன். எவனோ போன்ல படம் பிடிக்கிறான். ரோட்டைத் தாண்டி ஓடி வந்த குணவதி வேட்டியை எடுத்துக் கையில கொடுத்தா. பயந்துட்டேன் சார், வெளிப்படையாச் சொல்றேன். ஆனா அந்த நேரத்துல என் புத்தி எங்க போச்சுன்னு கேளுங்க. எல்லாரும் கேரவனுக்குள்ள எட்டிப் பார்க்கிறாங்க. நான் வேட்டி கட்டுற சாக்குல புதர்ப்பக்கம் போய், அந்தக் கட்டையை எடுத்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்துல போட்டுட்டேன்.

உள்ள போய்ப் பார்த்தா, அந்த ஆளுயரக் கண்ணாடி பெயர்ந்து கட்டில் மேல விழுந்து கிடக்கு. தலையணை முழுக்கச் சில்லு. குணவதி படுத்திருந்த இடம். யமுனா படுத்துட்டு வர்றேன்னு கேட்ட இடம். நல்ல கண்ணாடி சார், இனிமே அந்த மாதிரி கிடைக்காது.

சம்பந்தி முன்பக்கமா வந்தார். சக்கரத்துக்குப் பக்கத்துல கட்டை தனியாக் கிடக்கிறதைப் பார்த்தார். அப்படியே ரோட்டுல உட்கார்ந்துட்டார். 'என் கை தப்பிடுச்சு சம்பந்தி. சரியா இறுக்காம விட்டுட்டேன். முப்பத்திநாலு வருஷத்துல நான் கட்டை வச்ச பெட்டி ஒண்ணு நகர்ந்ததில்லைங்க.' எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். 'வாய் தவறி டா போட்டுட்டேன், அதையும் மன்னிச்சிடுங்க.'

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. 'இனிமே பார்த்து வைங்க'ன்னேன்.

அப்படிப் பார்க்காதீங்க சார். வாயில அதுதான் வந்துச்சு.

மெக்கானிக் வந்து, ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதே பின் சக்கரத்தைத்தான், அதுல ஒரு பக்கத்தைத் தூக்கிட்டா பிரேக்கை நம்பக் கூடாதுன்னு ஏதோ சொன்னான். பெரிய ஜாக்கி போட்டு, அடியில பலகை வச்சு, ஸ்டெப்னியை மாட்டினான். நட்டை வரிசையா முறுக்காம எதிரெதிரா முறுக்கினான். சம்பந்தி பக்கத்துல நின்னார், ஒரு யோசனை சொல்லல. ரோட்டுல போட்ட தழையையும் கல்லையும் பொறுக்கி ஓரமாப் போட்டுட்டு வந்து, பின் சீட்டுல உட்கார்ந்தார். திரும்பி வர்ற வழியெல்லாம் 'சரிங்க, ஆமாங்க.' அவங்க வாசல்ல அவரை இறக்கி விடுறப்போ 'அவர்கள்' வேற சேர்த்துக்கிட்டார். சம்பந்தி அவர்களே! பத்திரிகையில போடுற மாதிரி.

அன்னையில இருந்து நான் அந்த வீட்டுப் பக்கம் போகல. டா போட்டவர் வீட்டுல எப்படிக் கை நனைக்கிறது? கேரவனை ஷெட்டுல போட்டுட்டேன். பேத்தி பொறந்தப்போ குணவதி கிளம்பிப் போயிட்டா. இருபத்தொன்பது நாளா உப்புமாவும் நானும்தான். ஊருல எல்லார்கிட்டயும் இந்த நியாயத்தைச் சொல்லிட்டேன், எல்லாரும் 'டா போட்டது தப்புதான்'னு சொல்லிட்டாங்க. கட்டை விஷயத்தை அவங்ககிட்டச் சொல்லல. உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீங்க திருப்பத்தூர்ல இறங்கிப் போயிடுவீங்க, அதனால இருக்கும்.

என்னை டா போட்டுக் கூப்பிட்டது எங்க அண்ணன் ஒருத்தர்தான் சார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. டிப்போவில எல்லாரும் சார், வீட்டுல எல்லாரும் அப்பா, மாமா. அந்த 'வெளிய வாடா' இன்னும் காதுல இருக்கு. தூக்கத்துல கேக்குது. முழிச்சுப் பார்த்தா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கிறேன்.

முந்தாநாள் குணவதி போன் பண்ணா. பேத்தி சிரிக்குது, கொட்டாவி விடுதுன்னு எல்லாம் சொல்லிட்டு, போற போக்குல ஒண்ணு சொன்னா. தொட்டில் போடுறதுக்கு உத்தரத்துல கொக்கி மாட்டணுமாம். 'சம்பந்தி அண்ணன் மாட்ட மாட்டேன்னுட்டாருங்க. ஆசாரியைக் கூப்பிட்டு விட்டிருக்கார். என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லம்மா, பச்சைக் குழந்தை தூங்கப்போற இடம்னு சொல்றார். வீட்டுல வச்ச கட்டையை எல்லாம்கூட எடுத்துட்டாருங்க. கேட் காத்துல டப்பு டப்புன்னு அடிக்குது'ன்னா.

உப்புமாத் தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்துட்டேன்.

ஷெட்டுக்குப் போய் இந்த ரெண்டு கட்டையையும் எடுத்துப் பார்த்தேன். இதோ, நீங்களே பாருங்க. இதுல டயர் ஏறின தழும்பு எவ்வளவு ஆழமாப் பதிஞ்சிருக்கு? மரமே நசுங்கியிருக்கு. இந்த இன்னொண்ணைப் பாருங்க, ஒரு கீறல் உண்டா? சக்கரம் ஏறி வழுக்கியிருந்தா கீறல் இருக்காதா? யார்டுல இருந்த ஆளு சார். கையில வாங்கின உடனே தெரிஞ்சிடும். அதனாலதான் மூணு மாசமா நான் இதைத் திருப்பிக் கொடுக்கல. கேட்டதுக்கு, தேடுறேன்னு சொல்லியிருக்கேன்.

இப்ப கொடுக்கத்தான் போறேன். முதல்ல அந்த டா விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டிட்டு, அப்புறம் நிதானமா, சாப்பாட்டுக்கு அப்புறம், யாரும் இல்லாத நேரமாப் பார்த்து...

இருங்க, போன். அவர்தான். ஹலோ. வணக்கம் சம்பந்தி. ஆமாங்க. பக்கத்துல வந்தாச்சுங்க. எதுக்குங்க நீங்க... சரிங்க.

என்னைக் கூட்டிட்டுப் போக திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கிறாராம். கேட்டீங்களா அந்தக் குரலை? 'தாங்கள் எப்ப வந்து சேருவீங்க'ங்கிறார். தாங்கள்! என் காலைப் பிடிச்சு இழுத்த ஆளு.

எழுந்திரிங்க சார், வந்துடுச்சு. ஏழு நிமிஷ லேட்டைச் சரிக்கட்டிட்டான், பரவாயில்ல. அதோ பாருங்க, டீக்கடை பக்கத்துல, வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட துண்டு. இளைச்சுப் போயிட்டார் சார். இன்னும் வண்டி உள்ளகூடத் திரும்பல, அதுக்குள்ள ரெண்டு கையையும் கூப்பி நிக்கிறார். இப்படிக் கும்பிடுறவர்கிட்ட எப்படிச் சொல்றது? சாப்பாடு வரைக்கும் இதைப் பார்த்துட்டு இருக்க என்னால ஆகாது. கொஞ்சம் வழி விடுங்க, நான் படிக்கட்டுக்குப் போறேன்.

ஏகாம்பரம்! டேய் ஏகாம்பரம்! கையைக் கீழ போடுடா! கட்டையை நான்தான்டா உருவினேன்! நீ சரியாத்தான்டா வச்சிருந்த! உன் கை தப்பலடா! ஆசாரி வேணாம், கொக்கியை நீயே மாட்டு! இதோ பார், கீறல்கூட இல்ல, இந்தா...

சார், அசையாம நிக்கிறார். முகத்தைத் துடைக்கிறார். ஓடி வர்றார் சார், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டு! என்னமோ கத்துறார்.

'டேய்! வண்டி நிக்கட்டும்டா! நின்னதுக்கு அப்புறம் இறங்குடா, முட்டாப்பயலே!'

கேட்டீங்களா சார்? பஸ்ஸை விட்டு இறங்குறதுக்கும் முட்டுக்கட்டை.